மறுமுறை கத்தி எடுப்பதற்கு முன்

‘கக்கின பிள்ளை தக்கும்’ என்பது வழிவழியாக வந்த சொல். மருத்துவமும் இதைப் பெரும்பாலும் ஆமோதிக்கிறது. நான்கு மாதக் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை தினமும் ஒருமுறையாவது பாலைக் கக்குகின்றன. உட்காரப் பழகி, திட உணவுக்கு மாறி, முதல் பிறந்தநாளை நெருங்கும்போது மிகப் பலவற்றுக்கு அது தானாகவே நின்றுவிடுகிறது. அவற்றுக்கு மருந்தும் வேண்டாம், மருத்துவமனையும் வேண்டாம்.

ஆனால் கக்கியும் தக்காத பிள்ளைகள் உண்டு. இரைப்பையின் அமிலம் ஏறி ஏறி உணவுக்குழாய் புண்ணாகி, தழும்பேறிச் சுருங்கிப்போகும் பிள்ளைகள். எதுக்களித்த பால் மூச்சுக்குழாயில் இறங்கி அடிக்கடி நிமோனியாவில் படுக்கும் பிள்ளைகள். எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறாத பிள்ளைகள். எதுக்களிப்புத் தடுப்பு அறுவை சிகிச்சை இவர்களுக்காக வந்தது. அந்த அறுவையும் பலிக்காமல் போய், ‘மறுபடியும் செய்துவிடலாமா?’ என்ற கேள்வி எழும் நாள் பெற்றோருக்கு மிகக் கடினமான நாள். அதற்கான விடை இந்தச் சிகிச்சையின் எழுபது ஆண்டு வரலாற்றில் இருக்கிறது. முதல் அறுவை ஏன் தோற்றது என்று கண்டுபிடிக்காமல் செய்யப்படும் இரண்டாவது அறுவை, அதே தோல்வியை மறுபடி தைத்து வைப்பதாகும். அந்த வரலாறு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

தைத்தவரே எண்ணிச் சொன்ன தோல்வி

உணவுக்குழாய் நெஞ்சிலிருந்து வயிற்றுக்குள் இறங்குவதற்கு உதரவிதானத்தில் ஒரு துளை இருக்கிறது. சிலருக்கு அது தளர்ந்து, இரைப்பையின் மேற்பகுதி அதன் வழியே நெஞ்சுக்குள் ஏறிவிடும். எதுக்களிப்புக்கு இதுதான் மூலம் என்று கருதிய இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பிலிப் ஆலிசன், இரைப்பையை வயிற்றுக்குள் இறக்கித் துளையைத் தைக்கும் முறையை 1951இல் வெளியிட்டார். உறுப்பை அதன் இடத்தில் வைத்துவிட்டால் அது தன் வேலையைச் செய்யும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்தது. ஆலிசனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது அதற்கடுத்து அவர் செய்த காரியத்துக்காக. இருபது ஆண்டுகளாகத் தான் தைத்து அனுப்பிய நோயாளிகளைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்து, அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கோளாறு திரும்பிவிட்டது என்று 1973இல் தானே எழுதி வெளியிட்டார். தன் பெயரில் வழங்கிய அறுவையின் தோல்வியைத் தானே எண்ணிச் சொன்ன அந்த நேர்மை இந்தத் துறைக்குக் கிடைத்த பெரிய சொத்து. இதற்குப் பின் வந்த முன்னேற்றங்களும் இப்படி எண்ணிப் பார்த்தவர்களிடமிருந்தே வந்தன.

இன்று உலகமெங்கும் செய்யப்படும் அறுவை ருடால்ஃப் நிஸ்ஸனுடையது. 1896இல் சைலீசியாவில் பிறந்த யூதர். பெர்லினில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சாவர்புரூக்கிடம் பணியாற்றியவர். 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறி இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே 1936 வாக்கில், உணவுக்குழாயின் அடியில் புண் கண்ட ஒருவருக்கு அந்தப் பகுதியை வெட்டி நீக்கி, மிச்சமிருந்த குழாயை இரைப்பையோடு இணைத்தார். இணைப்பு கசியாமல் இருப்பதற்காகக் குழாயின் அடிப்பகுதியை இரைப்பைச் சுவருக்குள் பொதிந்து தைத்தார். அந்த நோயாளிக்குப் பல ஆண்டுகள் கழித்தும் எதுக்களிப்பு வரவில்லை என்பது நிஸ்ஸனின் கவனத்தில் தங்கியது. பிறகு அமெரிக்கா சென்றார். 1948இல் ஐன்ஸ்டீனின் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு செலோஃபேன் தாள் சுற்றி அறுவை செய்தவரும் இவரே. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு வந்தார். 1955இல் அங்கே ஒரு பெண்ணுக்கு, எதையும் வெட்டி நீக்காமல், இரைப்பையின் மேற்பகுதியைக் கழுத்தில் துண்டு சுற்றுவதுபோல உணவுக்குழாயின் அடியைச் சுற்றிக் கொண்டுவந்து தைத்தார். அடுத்த ஆண்டு அதை வெளியிட்டார். ஃபண்டோப்ளிகேஷன் என்று நாம் அறியும் அறுவை அதுதான்.

அதன் இயக்கம் எளிமையானது. இரைப்பையில் அழுத்தம் கூடும்போது சுற்றியிருக்கும் பகுதியிலும் அழுத்தம் கூடி, உணவுக்குழாயின் வாயை நெருக்கிவிடும். ஆனால் கீழிருந்து மேலே வருகிற எல்லாவற்றுக்கும் அந்தக் கதவு ஒன்றுதான். ஏப்பம் வராது, வாந்தி வராது, வயிறு ஊதிக்கொள்ளும், விழுங்குவதும் சிலருக்குச் சிரமமாகும். அதனால் அடுத்து வந்தவர்கள் சுற்றைத் தளர்த்தினார்கள். பிரான்ஸின் டூப்பே 1963இல் முழுச் சுற்றுக்குப் பதில் பின்புற அரைச் சுற்றை முன்வைத்தார். அமெரிக்காவின் டிமீஸ்டர், சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள தளர்வான சுற்றே போதும் என்று 1986இல் காட்டினார். குறைவாகச் செய்வதே மேல் என்ற பாடம் அப்போதே துவங்கிவிட்டது.

திரும்பி வந்த பிள்ளைகள் யார்?

எந்தக் குழந்தைக்கு அறுவை தேவை என்பதில் குழந்தை மருத்துவர் ஐ. ஜே. கரே 1959இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் வழிகாட்டுகிறது. உதரவிதானத் துளை தளர்ந்து எதுக்களிப்பால் துன்புற்ற குழந்தைகளை அவர் நெடுங்காலம் பின்தொடர்ந்தார். சுமார் 60 சதவீதத்தினருக்கு ஒன்றரை வயதுக்குள் தொல்லை நின்றது. 30 சதவீதத்தினருக்கு நான்கு வயது வரை நீடித்தது. 5 சதவீதத்தினருக்கு உணவுக்குழாய் சுருங்கியது. இன்னொரு 5 சதவீதத்தினர் இறந்தார்கள். கடைசி இரண்டு வரிகள் அறுவைக்கான நியாயம். முதல் வரி அவசரப்படாமல் இருப்பதற்கான நியாயம்.

1970களிலிருந்து அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் நிஸ்ஸன் அறுவை பரவலானது. அதன் பலனைப் பெரிய அளவில் எண்ணிப் பார்த்தது ஃபாங்கல்ஸ்ரூடும் அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட கூட்டு ஆய்வு. ஏழு மருத்துவமனைகளில் இருபது ஆண்டுகளில் அறுவை செய்யப்பட்ட 7,467 பிள்ளைகள் அதில் அடக்கம். நரம்பியல் குறைபாடு இல்லாத பிள்ளைகளில் 3.6 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. பெருமூளை வாதம் போன்ற நரம்பியல் குறைபாடுள்ள பிள்ளைகளில் அது 11.8 சதவீதம். மருத்துவமனைகள் அவையேதான். விளைவில் மட்டும் மூன்று மடங்கு வித்தியாசம். தையலில் இல்லாத காரணத்தைப் பிள்ளையின் உடலில் தேட வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிட்டன.

அலபாமாவின் பர்மிங்காம் நகரக் குழந்தை அறுவை மருத்துவர்கள் 2007இல் அதைத் தேடினார்கள். அறுவைக்குப் பின் எதுக்களிப்பு திரும்பிய பிள்ளைகளையும் திரும்பாத பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது நான்கு காரணிகள் தனித்து நின்றன. ஆறு வயதுக்குக் குறைந்திருத்தல், உதரவிதானத் துளையில் முன்பே பிதுக்கம் இருத்தல், அறுவைக்குப் பின் உணவுக்குழாயை விரிக்கும் சிகிச்சை தேவைப்படுதல், அறுவைக்குப் பின் ஓங்கரித்தல்.

இந்த ஓங்கரிப்பைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். உணவூட்டுவதற்காக வயிற்றில் பொருத்திய குழாய் வழியே பால் இறங்கத் துவங்கிய சில நிமிடங்களில் பிள்ளையின் முகம் வெளிறும், எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும். பிறகு உடம்பு முழுவதும் வில்லாக வளையும்; வாயிலிருந்து ஒன்றும் வராது. வாந்தி வருவதற்கான எல்லா முயற்சியும் நடக்கிறது, வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. வயிற்றுத் தசைகள் இறுகி அழுத்தம் எகிறுகிறது. உணவுக்குழாயின் நீளவாட்டத் தசைகள் சுருங்கி இரைப்பையை நெஞ்சை நோக்கி இழுக்கின்றன. ஒருநாளில் பலமுறை, மாதக்கணக்கில் இப்படி இழுபட்டால் எந்தத் தையல்தான் தாங்கும்?

லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையினர் 2001இல் இதைத் துலக்கினார்கள். நரம்பியல் குறைபாடுள்ள பல பிள்ளைகளுக்கு வாந்தியைத் தூண்டும் நரம்புப் பாதையே எளிதில் கிளர்ந்துவிடுகிறது. அவர்கள் எடுத்த வாந்தி எல்லாம் எதுக்களிப்பு அல்ல. எதுக்களிப்பு என்பது கதவு தளர்ந்து தானாக மேலேறுவது. இது மூளை ஆணையிட்டு வெளியே தள்ளுவது. கதவை இறுக்கிப் பூட்டினால் முன்னது நிற்கும், பின்னது கதவை உடைக்கும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் செய்த முதல் அறுவை தோற்றால், பார்க்காமலே செய்யும் இரண்டாவதும் தோற்கும். இந்தமுறை தழும்புகளோடு தோற்கும்.

இரண்டாவது முறை வயிற்றைத் திறக்கும்போது

மருத்துவமனை வழக்கில் ‘ரீடூ’ என்று சொல்லப்படும் மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது. முதல்முறை தெளிவாகத் தெரிந்த உறுப்புகள் இப்போது ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். கல்லீரலின் இடது மடல் பழைய சுற்றின் மேல் கவிந்து பிடித்திருக்கும். அதைப் பிரிக்கும்போது ரத்தம் கசியும். இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள எல்லை தழும்பில் மறைந்திருக்கும். குழாயோடு இறங்கும் வேகஸ் நரம்புகள் அதே தழும்புக்குள் எங்கோ இருக்கும். அவை அறுபட்டால் இரைப்பை காலியாவது தாறுமாறாகும். பழைய சுற்றை முழுவதுமாகப் பிரித்து, நெஞ்சுக்குள் ஏறியதை இறக்கி, துளையைக் கரையாத நூலால் தைத்து, புதிய சுற்றைத் தளர்வாகக் கட்ட வேண்டும். இதற்கிடையில் மெல்லிய சுவரில் ஒரு ஓட்டை விழுந்து கவனிக்கப்படாமல் போனால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

திறந்து பார்த்தவர்கள் கண்டவை பெரும்பாலும் இரண்டுதான். சுற்று அவிழ்ந்திருக்கும், அல்லது துளை வழியே நெஞ்சுக்குள் ஏறியிருக்கும்; பல பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். இண்டியானாபொலிஸ் மருத்துவர்கள் மறு அறுவை செய்த 130 பிள்ளைகளின் அனுபவத்தை 1997இல் வெளியிட்டார்கள். அதிலும் அதன்பின் வந்த ஆய்வுகளிலும் பொதுவாகத் தெரிவது இது: முதல் ரீடூ, பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நிவாரணம் தருகிறது. ஆனால் தோற்கும் விகிதம் முதல் அறுவையைவிட அதிகம். மூன்றாவது, நான்காவது என்று போகப்போகப் பலன் குறைந்துகொண்டே வருகிறது, ஆபத்து கூடிக்கொண்டே போகிறது. ஆகவே ரீடூ வேண்டாம் என்பதல்ல முடிவு. கோளாறு உடற்கூற்றில் இருக்கிறது என்று படம் காட்டும்போது, ஓங்கரிப்பு இல்லாத பிள்ளைக்கு, அனுபவமுள்ள கையில், ஒருமுறை செய்யப்படும் ரீடூ நியாயமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அது யோசித்துச் செய்ய வேண்டிய கடைசிப் படிகளில் ஒன்று.

குறைவாகப் பிரித்தால் நிறைய நிலைக்கும்

மறு அறுவையின் விளைவை மேம்படுத்தச் சிறந்த வழி, அது தேவைப்படாமல் செய்வதே. இதில் நிகழ்ந்த பெரிய கண்டுபிடிப்பு ஒரு புதிய கருவியோ புதிய நூலோ அல்ல. ஒன்றைச் செய்யாமல் விடுவது.

உணவுக்குழாயை உதரவிதானத்தோடு பிணைக்கும் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. அதைச் சுற்றிலும் அறுத்துக் குழாயை வயிற்றுக்குள் நன்றாக இழுத்துக்கொண்டால்தான் சுற்று நிலைக்கும் என்று நெடுங்காலம் பல மருத்துவர்கள் நம்பினார்கள். சிறு துளைகள் வழியே அறுவை செய்யும் லேப்ராஸ்கோபி வந்தபின் அந்த இடம் தெளிவாகத் தெரிந்ததால் அறுப்பது இன்னும் எளிதானது. கான்சஸ் சிட்டி, பர்மிங்காம் ஆகிய இரு நகரங்களின் குழந்தை அறுவை மருத்துவர்கள் இந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். 177 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் சவ்வை முழுவதும் அறுத்தும், மற்றவர்களுக்குக் கூடியவரை அப்படியே விட்டும் அறுவை செய்தார்கள். 2011இல் முடிவு வந்தது. முழுவதும் அறுத்த பிரிவில் 30 சதவீதத்தினருக்குச் சுற்று நெஞ்சுக்குள் ஏறியது. சவ்வை விட்டுவைத்த பிரிவில் 7.8 சதவீதம். மறு அறுவை தேவைப்பட்டது முதல் பிரிவில் 18.4 சதவீதம், இரண்டாவதில் 3.3 சதவீதம். கூடுதல் செலவு ஏதுமில்லாமல், அறுக்காமல் விட்ட ஒரே காரணத்தால், நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள் இரண்டாவது அறுவையிலிருந்து தப்பினார்கள்.

பிறகு அவர்களே இன்னொரு கேள்வியையும் சோதித்தார்கள். சவ்வை விட்டுவைத்தபின், குழாயை உதரவிதானத்தோடு கூடுதலாகத் தைக்க வேண்டுமா? தேவையில்லை என்றே முடிவு வந்தது. பல ஆண்டுகளாகப் பழகிய கையின் வழக்கத்தைத் தாங்களே சோதனைக்கு உட்படுத்தி மாற்றிக்கொண்டவர்கள் ஆலிசனின் வழியில் வந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

லேப்ராஸ்கோபியையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு 1991இல் பெல்ஜியத்தின் டாலமாஞ் துவக்கிய முறை இரண்டொரு ஆண்டுகளில் குழந்தைகளுக்கும் வந்தது. தழும்பு சிறியது, வலி குறைவு, ஒட்டுதல்களும் குறைவு. ஆனால் நார்வேயில் 88 பிள்ளைகளிடம் நடந்த குலுக்கல் ஆய்வு 2015இல் வெளியானபோது, சுமார் நான்கு ஆண்டுகள் கழித்து எதுக்களிப்பு திரும்பியது லேப்ராஸ்கோபி பிரிவில் 37 சதவீதம், திறந்த அறுவைப் பிரிவில் 7 சதவீதம் என்று தெரிந்தது. லண்டனில் நடந்த சிறிய ஆய்வொன்றில் இத்தகைய வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் வைத்துப் பார்க்கையில், சின்னத் தழும்பை நீடித்த பலனுக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும், நான்கைந்து ஆண்டுகள் காத்திருந்து எண்ணாத எந்தக் கணக்கும் கணக்கல்ல என்பதும் புரியும்.

எதைப் பலன் என்பது?

பலனை அளப்பதிலேயே ஒரு குழப்பம் உண்டு. ஒருவர் மறு அறுவை நடந்ததா என்று மட்டும் எண்ணுகிறார். இன்னொருவர் பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரே படத்தில் சுற்று இருக்கிறதா என்று பார்க்கிறார். மற்றொருவர் அமில அளவை எடுக்கிறார். சுற்று அழகாக இருந்தும் தினமும் ஓங்கரிக்கும் பிள்ளை இந்தக் கணக்குகளில் வெற்றியாகவே பதிவாகும். அந்தப் பிள்ளையோடு இரவில் விழித்திருக்கும் தாய் அதை வெற்றி என்பாரா?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அறுவை செய்துகொண்ட 1,142 பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான கட்டுரை, எதுக்களிப்பு சார்ந்த நோய்களுக்காக அவர்கள் மருத்துவமனையில் சேர்வது குறைந்ததா என்று கேட்டது. நான்கு வயதுக்குள் அறுவை நடந்தவர்களுக்குக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இதுதான் கேட்க வேண்டிய வகைக் கேள்வி. பிள்ளை எடை கூடியதா? நிமோனியா குறைந்ததா? நிம்மதியாகத் தூங்குகிறதா? மருந்துகளை நிறுத்த முடிந்ததா? வீட்டில் உள்ளவர்கள் மூச்சுவிட முடிகிறதா?

இப்படிக் கேட்டால் ரீடூவுக்கு மாற்றான வழிகளும் கண்ணில் படும். சின்சினாட்டி மருத்துவர்கள் 2011இல் ஓர் எளிய முயற்சியின் பலனை வெளியிட்டார்கள். ஃபண்டோப்ளிகேஷனுக்குப் பின் ஓங்கரித்த 33 பிள்ளைகளுக்கு, டப்பாப் பாலுக்குப் பதிலாக, சாதாரண உணவையே நைசாக அரைத்து வயிற்றுக்குழாய் வழியே கொடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஓங்கரிப்பு முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். மிக்ஸி செய்த வேலையைச் செய்யக் கத்தியை எடுப்பதற்கு முன் ஒருவர் நூறுமுறை யோசிக்க வேண்டும்.

அதுவும் போதாத இடத்தில், குழாயை இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் செலுத்தி மெதுவாக உணவிறக்கலாம். குழாய் அடிக்கடி இடம் மாறும், பல மணிநேரம் உணவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சுமைதான், ஆனால் திரும்பப் பெறக்கூடிய சுமை. மிகக் கடுமையான நரம்பியல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காக மான்செஸ்டரின் பியாங்க்கி 1997இல் முன்வைத்த முறை வேறு: உணவுக்குழாயை இரைப்பையிலிருந்து துண்டித்துச் சிறுகுடலோடு இணைத்துவிடுவது. எதுக்களிக்க வழியே இராது. ஆனால் பெரிய அறுவை, மீள முடியாதது. திரும்பத் திரும்பச் சுற்றுவதைவிட இது மேல் என்று சொல்லத்தக்க பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள்; அவர்களை இனங்காண்பதற்கும் பொறுமையான ஆய்வே வேண்டும்.

கேட்க வேண்டியவை, வைக்க வேண்டிய கணக்கு

பெற்றோருக்கு: இரண்டாவது அறுவை என்று சொல்லப்பட்டால் பயந்து ஓடவும் வேண்டாம், மறுபேச்சின்றிக் கையெழுத்திடவும் வேண்டாம். முதல் அறுவையின் குறிப்பை மருத்துவமனையிலிருந்து வாங்கிக் கொடுங்கள். சுற்று அவிழ்ந்ததா, ஏறிவிட்டதா, இறுகிவிட்டதா என்று பேரியம் படமும் எண்டோஸ்கோபியும் என்ன காட்டுகின்றன என்று கேளுங்கள். பிள்ளை எடுப்பது எதுக்களிப்பா ஓங்கரிப்பா என்று கேளுங்கள். அது வரும்போது உங்கள் கைபேசியில் படம்பிடித்துக் காட்டுங்கள், ஆயிரம் வார்த்தையில் புரியாதது அதில் புரியும். உணவின் வகையையும் வேகத்தையும் மாற்றிப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். இந்த மறு அறுவையை அந்த மருத்துவர் எத்தனை பிள்ளைகளுக்குச் செய்திருக்கிறார் என்றும் தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் கோபப்பட மாட்டார்.

மருத்துவர்களுக்கு: நீங்கள் சுற்றிய ஒவ்வொரு பிள்ளையையும் ஐந்தாவது ஆண்டில் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். வராதவர்களைத் தேடுங்கள், தோல்விகள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கும். பார்த்ததை எழுதி வெளியிடுங்கள். தோல்வியை எண்ணியவர்களால்தான் இந்த அறுவை இன்றைய நிலைக்கு வந்தது. மறு அறுவைக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைய வேண்டுமானால், தோல்வியை எண்ணும் அந்தப் பழக்கம் தொடர வேண்டும்.